ஏழாம் மாடியிலை நீங்கள் இல்லை

நீர்வேலி,
06.06.2025

ஜெயசுதன்,

வட்ஸப்பிலை பிளொக். பேஸ்புக்கிலை பிளொக். இன்ஸ்டாவிலை பிளொக். டிக்டொக்கிலையும் பிளொக்! டிக்டொக்கிலை நீங்கள் ஒரு வீடியோகூடப் போட்டதில்லை, அதுக்கை போய் என்னைத் தேடிப்பிடிச்சுப் பிளொக் பண்ணியிருக்கிறீங்கள். ஆனால் தபால்காரரைப் பிளொக் பண்ணேலாது. அதாலைதான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு பேனையாலை நான் இவ்வளவு எழுதினதே இல்லை, கை நோகுது. கொமினிகேஷன் கடையிலை போட்டோக்கொப்பி அடிக்கிற தாள் இது. நான் வேலை செய்யிற கடைதான், முதலாளி அக்கா கண்டால் ஏசுவா.

கோவம் ஏன் எண்டு எனக்குத் தெரியும். திங்கட்கிழமை ‘ஏழாம் மாடி’ சீரியல் முடிய நான் என்ரை பேஜிலை லைவ் போட்டன். வழமை மாதிரி அப்பான்ரை வாழைத்தோட்டத்துக்கை நிண்டுதான். அங்கைதான் சிக்னல் வடிவா இருக்கு. பேஜிலை இருக்கிற சனம் முழுக்கக் கேட்டது ஒரே கேள்வி: அகிலன் மிருணாவிலை உயிரா இருக்கிறான், பிறகேன் வாயைத் துறந்து ஒண்டும் சொல்லுறான் இல்லை? நான் விளங்கப்படுத்த வெளிக்கிட்டன். முதல் காதல் குடுத்த அடியை மூட்டையாக் கட்டிக் காவித் திரியிறவன் அப்பிடித்தான் கல்லாப் போவான் எண்டன். ஆரோ ஒருத்தி “சும்மா விடாதையுங்கோ அக்கா, நிசத்திலை அப்பிடி ஆர் இருக்கினம்?” எண்டு கொமென்ட் போட்டாள்.

எனக்கு உசார் வந்திட்டுது. “எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், குருநகர், போட் எஞ்சின் திருத்திறவர். கலியாணத்துக்கு முன்னம் வேதக் கோயில்லை மூண்டு ஞாயிறு பேர் வாசிக்கோணும், ரண்டு ஞாயிறு வாசிச்சவை. மூண்டாம் ஞாயிறு வாசிக்கேல்லை. பெட்டை ஏமாத்திப்போட்டுப் போயிட்டாள். அண்டையிலை இருந்து அந்த மனுசன் அகிலன்தான்” எண்டு சொல்லிப்போட்டன்.

பேர் சொல்லேல்லைத்தானே! பேர் சொல்லாத கதைக்கு இவ்வளவு பெரிய தண்டனையோ? அகிலன்கூட மிருணாவை ரண்டு நாளுக்கு மேலை ஒதுக்கி வைக்கேல்லை.

மறுமொழி போடுங்கோ. கெதியாப் போடுங்கோ.

நிவேதனா


நீர்வேலி,
09.06.2025

ஜெயசுதன்,

முதல் கடிதம் கிடைச்சுதோ எண்டுகூடத் தெரியேல்லை. கடிதத்துக்கு நீல டிக் இல்லை. என்ன கண்டறியாத சிஸ்டம் இது! தபால்காரர் கடையைக் கடந்து போகேக்கை எல்லாம் நான் எழும்பி நிக்கிறன். இண்டைக்கு அவர் “என்ன பிள்ளை, வெளிநாட்டு விசாவோ?” எண்டு கேட்டிட்டுப் போறார்.

இருந்து யோசிச்சன். ஒண்டில் நீங்கள் கடற்கரையிலை தனிய இருந்து அழுறீங்கள், அகிலன் மழைக்கை நிண்டு அழுத மாதிரி. இல்லாட்டி அந்தப் பெட்டை திரும்பி வந்திட்டாள். பழைய காதலி திரும்பி வாறதுக்கெண்டே எல்லாச் சீரியலிலையும் ஒரு கிழமை இருக்கு. இல்லாட்டி உங்கடை அம்மா, சைவப் பெட்டை வேண்டாம், சொந்தத்துக்கை ஒண்டு பாத்தாச்சு எண்டு சொல்லிப்போட்டா. நீங்கள் வழமை மாதிரி வாயைத் துறக்காமல் தலையை ஆட்டியிருப்பீங்கள்.

மூண்டிலை எது? எதெண்டாலும் நான் தாங்குவன். ஒண்டும் சொல்லாமல் இருக்கிறதைத்தான் தாங்கேலாது.

நிவேதனா

பி.கு: ரண்டாவது எண்டால் தாங்கமாட்டன். சும்மா எழுதினனான்.


குருநகர்,
10.06.2025

நிவேதனாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கடிதம் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

திங்கட்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவும் தங்கச்சி மேர்சியும் பக்கத்தில் இருந்து உம்முடைய லைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உம்முடைய பேஜின் ரசிகை என்பது உமக்குத் தெரியும். போன வருசம் ஒரு நாள் எபிசோட் ஏன் வரவில்லை என்று அவவுக்காகக் கேட்கப் போய்த்தான் நான் உம்மோடு கதைக்கத் தொடங்கினேன்.

“இந்தப் பிள்ளை எவ்வளவு வடிவா விளங்கப்படுத்துது, பார்” என்று அம்மா சொல்லி முடிக்கவில்லை. நீர் குருநகர் என்றீர். எஞ்சின் என்றீர். இரண்டு ஞாயிறு என்றீர். மேர்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “மோனை, உந்தப் பிள்ளைக்கு எங்கடை வீட்டுக் கதை எப்பிடித் தெரியும்?” என்று கேட்டா. சோறு கையில் காய்ந்துவிட்டது.

பெயர் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர். குருநகரில் இரண்டு ஞாயிறு வாசித்து மூன்றாம் ஞாயிறு வாசிக்காத பெயர் எத்தனை இருக்கிறது? பூசைக்கு வந்த அவ்வளவு பேருக்கும் தெரியும். என்னைப் பற்றிச் சொன்னதை நான் பொறுத்திருப்பேன். ஆனால் உம்முடைய ஆட்கள் எனக்குப் பேசியிருந்த ஜெசிதாவைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அவ வேலை செய்யும் மருந்துக்கடையின் பேஜில் “ஏமாற்றுக்காரி”, “அகிலனை அழவைத்தவள்” என்று வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். மருந்து எடுக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைக்காரர் அவவைக் கொஞ்ச நாள் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்.

ஜெசிதா என்னை ஏமாற்றவில்லை. அதை உமக்கு ஆர் சொன்னது?

ஜெயசுதன்


நீர்வேலி,
14.06.2025

ஜெயசுதன்,

உங்கடை கடிதத்தை வாசிச்சிட்டுக் கடைக்குப் பின்னாலை போய் நிண்டு அழுதன். பிறகு வந்து வீடியோவை எடுத்திட்டன். ஆனால் எடுத்தும் வேலையில்லை. சனம் அதை வெட்டி, சோகப் பாட்டுப் போட்டு, தங்கடை தங்கடை பேஜிலை போட்டிட்டுதுகள். “குருநகர் அகிலன்” எண்டு தேடினால் உங்கடை கதை வருது. மருந்துக்கடையின்ரை பேஜுக்குப் போய் ஒவ்வொருத்தருக்கும் கீழை “பிளீஸ் அழியுங்கோ” எண்டு எழுதினன். ரண்டொரு பேர் அழிச்சினம். மிச்சப் பேர் “அக்காவை ஆரோ வெருட்டியிருக்கினம்” எண்டு எனக்காகவும் சண்டை பிடிக்கினம்!

ஆர் சொன்னது எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஆரும் சொல்லேல்லை. அதுதான் பிரச்சினை! பண்ணைக் கடற்கரைப் பக்கம் ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு இருக்கேக்கை நீங்கள் ஒரே ஒரு வசனம் சொன்னனீங்கள். “எனக்கு ஒருக்காக் கலியாணம் பேசினது. ரண்டு ஞாயிறு வாசிச்சவை, பேந்து வாசிக்கேல்லை.” சொல்லிப்போட்டு, “இன்னொண்டு குடிப்பமோ?” எண்டு கேட்டீங்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை வைச்சுக்கொண்டு நான் எத்தினை மாசம் இருக்கிறது? முகத்தைப் பாத்தன். அகிலன்ரை அதே முகம். மிச்சக் கதையை என்ரை மண்டை தன்ரை பாட்டிலை கட்டிப்போட்டுது. நீங்கள் சொல்லியிருந்தால் நான் ஏன் கட்டுறன்?

சரி, பிழை என்ரைதான். அதுக்கு நான் ஒரு வழி யோசிச்சு வைச்சிருக்கிறன். வாற சனிக்கிழமை குருநகருக்கு வாறன். உங்கடை கோயில் வாசல்லை நிண்டு லைவ் போட்டு, எல்லாருக்கும் முன்னாலை அழுது மன்னிப்புக் கேக்கிறன். மிருணா கலியாண மண்டபத்திலை கேட்டாளே, அப்பிடி. சனம் உருகிப்போடும். ஜெசிதா அக்காவும் மன்னிப்பா.

நல்ல ஐடியாத்தானே?

நிவேதனா


குருநகர்,
19.06.2025

நிவேதனாவுக்கு,

கோயில் வாசலுக்கு வர வேண்டாம். லைவ் வேண்டாம். அழ வேண்டாம். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்கு முதல் கிடைக்க வேண்டும் என்று மேர்சியைக் கொண்டு கடைக்கே குடுத்துவிடுகிறேன். நீர் அழுதால் அது இன்னொரு எபிசோட். அதையும் வெட்டிப் பாட்டுப் போடுவார்கள். ஜெசிதாவுக்கு அதில் என்ன கிடைக்கும்?

நடந்ததை எழுதுகிறேன். நான் இதை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாதபடியால் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உம்முடைய விருப்பம்.

கலியாணத்துக்கு முன் எங்கள் கோயிலில் வகுப்பு நடக்கும், சோடியாகப் போக வேண்டும். இரண்டாம் ஞாயிறு வாசித்த கிழமை, வகுப்பில் பாதர் சொன்னார்: “ஆளையாள் பாத்து, இதுவரை கேக்காத ஒரு கேள்வியைக் கேளுங்கோ.” மற்றச் சோடிகள் எல்லாம் குசுகுசு என்று தொடங்கிவிட்டார்கள். நானும் ஜெசிதாவும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு அவவிடம் கேட்க ஒன்றும் வரவில்லை. அவவுக்கும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பாதர் பக்கத்தில் வந்தபோது ஜெசிதா அவசரத்துக்கு, “உங்களுக்குப் பாரை மீன் பிடிக்குமோ?” என்று கேட்டா. எங்கள் வீட்டில் பாரை காய்ச்சாத கிழமை இல்லை. அது அவவுக்கும் தெரியும்.

வெளியில் வந்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. கடைக்குப் போய் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே கதைத்து முடிவெடுத்தோம். ஒருவரும் அழவில்லை. அவ தன் வீட்டில் சொன்னா, நான் என் வீட்டில் சொன்னேன். அவ்வளவுதான்.

ஆனால் அதை ஒருவரும் நம்பவில்லை. ஆரோ ஒருவர் கெட்டவராக இருந்தால்தான் சனத்துக்கு விளங்கும். கொஞ்சப் பேர் அவவுக்கு வேறு ஆள் என்றார்கள். கொஞ்சப் பேர் எனக்கு ஏதோ நோய் என்றார்கள். பூசை முடிந்து வெளியில் வந்தால் கதை பாதியில் நிற்கும். எனக்கு மூட்டை என்று ஒன்று இருந்தால் அதுதான், ஜெசிதா அல்ல. நான் இருக்கும் இடத்தில் எல்லாம் எனக்குத் தெரியாத என் கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

நீர் முதல் நாள் எனக்கு வரிசையாகக் குரல் பதிவு அனுப்பினீர். அதில் பாதி கேள்வி. எஞ்சினுக்குள் தண்ணி போனால் என்ன நடக்கும், கடலில் நிற்கும்போது பயமில்லையா, சீரியலில் வரும் டொக்டர் சரணை அம்மா ஏன் வெறுக்கிறா. என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா? பிறகு எப்போதோ நீர் கேட்பதை விட்டுவிட்டீர். நான் பேசாமல் இருந்தால், “எனக்கு விளங்குது, சொல்ல வேண்டாம்” என்று கையைப் பிடித்தீர். அன்றைக்கு எனக்கு வெறும் வயிற்றுப் பசி.

ஜெயசுதன்


நீர்வேலி,
24.06.2025

ஜெயசுதன்,

பசியோ! கடவுளே, நான் அண்டைக்குக் கண்ணெல்லாம் கலங்கினனான்.

கோவிக்காமல் மிச்சத்தை வாசியுங்கோ. மேர்சி கடிதம் தந்த கையோடை லைவ் ஐடியாவை விட்டிட்டன். பேஜிலை நாலு வரி மட்டும் எழுதினன்: “நான் சொன்ன கதை பொய். எனக்கு ஒண்டும் தெரியாமல் நானே கட்டினது. அந்த அக்கா ஆரையும் ஏமாத்தேல்லை. அவவைப் பற்றி எழுதினதை அழியுங்கோ.” ஏன், எதுக்கு எண்டு ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை. சனத்துக்குச் சப்பெண்டு போச்சு. கனபேர் பேஜை விட்டு வெளிக்கிட்டினம். “அப்ப உண்மையிலை என்ன நடந்தது?” எண்டு கேக்கிறவைக்கு நான் மறுமொழி போடேல்லை. போடாமல் இருக்கிறது எவ்வளவு கஸ்டம் எண்டு உங்களுக்கு விளங்காது. கையெல்லாம் அரிச்சுது.

பிறகு மருந்துக்கடைக்குப் போனன். ஜெசிதா அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுத்திட்டினம். என்னைக் கண்ட உடனை கண்ணாடியைக் கழட்டிப் பாத்தா.

“நீரோ அந்த வாழைத்தோட்டம்?”

“ஓம் அக்கா.”

“மருந்துக்கு வந்து நிக்கிற சனத்தை மறிக்காமல் அங்காலை தள்ளி நில்லும்.”

நிண்டன். சனம் குறையிற வரைக்கும் கால் நோக நிண்டன். பிறகு அவ வந்து சொன்னா, “என்னை வில்லி ஆக்கினீர், அது கிடக்கட்டும். எங்கடை ஜெயசுதனை அகிலன் எண்டீரே, அதைக் கேட்டுத்தான் நான் விழுந்து விழுந்து சிரிச்சது. உவன் அகிலனோ? உவன் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்ல வெளிக்கிட முன்னம் நாங்கள் ஒரு சாப்பாடு சாப்பிட்டு முடிச்சிடலாம். ஆழமில்லை பிள்ளை, ஆள் கொஞ்சம் மெதுவு.”

நானும் சிரிக்க வாயைத் துறந்தன். அவவின்ரை முகம் மாறிப்போச்சு. “எனக்குச் சிரிக்கலாம். அம்மா அண்டையிலை இருந்து பூசைக்குப் போகேல்லை. எனக்கு உம்மடை மன்னிப்பு வேண்டாம். அவவிட்டை வந்து சொல்லும். போனை இஞ்சை வைச்சிட்டு வாரும்.”

போனை மருந்துக்கடை மேசை லாச்சிக்கை வைச்சிட்டு அவவோடை வீட்டை போனன். உங்கடை வீட்டு ஒழுங்கையாலைதான் போனது, நான் நிமிந்து பாக்கேல்லை. அவவின்ரை அம்மாவுக்கு முன்னாலை நிண்டு, நான்தான் அது, நான் சொன்னது முழுக்கப் பொய் எண்டு சொன்னன். அழுகை வந்தது, அடக்கினன். அம்மா தேத்தண்ணி தந்தா. நான் எழும்பி வாசலுக்கு வந்தாப் பிறகு பின்னாலை இருந்து, “பிள்ளை, அந்த மிருணா கடைசியா ஆரைக் கட்டுவாள்?” எண்டு கேட்டா.

எனக்குத் தெரியாது அம்மா எண்டன். உண்மையாவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா பூசைக்குப் போனவவாம். ஜெசிதா அக்கா சொன்னா.

நிவேதனா


குருநகர்,
30.06.2025

நிவேதனாவுக்கு,

ஜெசிதாவின் அம்மாவைப் பூசையில் நானும் கண்டேன். எங்கள் அம்மா போய்ப் பக்கத்தில் இருந்தா. இரண்டு பேரும் கதைத்தது ‘ஏழாம் மாடி’ பற்றித்தான் என்று மேர்சி சொல்கிறாள்.

நீர் எங்கள் ஒழுங்கையால் போனதை நான் கண்டேன். கொட்டிலில் எஞ்சினைக் கழட்டி வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஏன் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். கோவம் இல்லை. பிளொக் பண்ணுவது சுகமாக இருந்தது, அதுதான் உண்மை. ஆரும் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லத் தேவையில்லை. அது சரியில்லை என்று எனக்கும் தெரியும். சொல்லாமல் விட்டது என் பிழை. அதைப் பார்த்துக் கதை கட்டியது உம்முடைய பிழை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால்தான் இந்தக் கோலம்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நான் ஒரு மணித்தியாலம் மறுமொழி போடாவிட்டால் நீர் ஏன் அப்படிப் பதறுகிறீர்? போன மாசம் நான் கடலில் நின்ற நேரம் இருபது தரம் அழைத்திருந்தீர். கடைசிச் செய்தியில் “சரி, போங்கோ, சந்தோசமா இருங்கோ” என்று இருந்தது. எங்கே போகிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. எஞ்சின் நின்றுபோன போட் ஒன்றை இழுக்கப் போயிருந்தேன்.

சீரியல் கதை வேண்டாம். உம்முடையதைச் சொல்லும்.

ஜெயசுதன்


நீர்வேலி,
03.07.2025

ஜெயசுதன்,

இந்தக் கடிதத்தை மூண்டு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டன். முதல் ரண்டிலையும் மிருணா வந்திட்டாள்.

பண்டத்தரிப்பிலை கோபிசங்கர் எண்டு ஒராள். உங்களுக்கு முதல். ரியூசனிலை பழக்கம். ஒரு நாள் காலமை, “பின்னேரம் ரவுணுக்கு வாரும், உமக்கு ஒரு சட்டை பாத்து வைச்சிருக்கிறன்” எண்டு மெசேஜ் போட்டான். போனன். நிண்டன். ஆள் வரேல்லை. அழைச்சால் நம்பர் வேலை செய்யேல்லை. அக்சிடென்ட் எண்டு நினைச்சன். ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டிலை அப்பிடி ஒரு பேர் இருக்கோ எண்டு கேட்டன். விசரி மாதிரி அழுது அழுது கேட்டன். மற்றநாள் அவன்ரை சிநேகிதன் சொன்னான், அவன் பிரான்சுக்கு வெளிக்கிட்டிட்டான், ஏஜென்சி அலுவல் மாசக்கணக்கா நடந்ததாம், உமக்குச் சொல்லேல்லையோ எண்டு.

என்னிலை என்ன பிழை எண்டு எனக்கு இண்டை வரைக்கும் தெரியாது. ஒரு சண்டைகூட இல்லை. சண்டை இருந்தால் எவ்வளவு நல்லம். இனி வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் அழுதிட்டு இருந்திருப்பன். ஒண்டுமில்லாத இடத்திலை நான் என்னத்தைப் பிடிக்கிறது? அப்பதான் சீரியல் பாக்கத் துவங்கினன். அதிலை ஒருத்தன் காணாமல் போனால் பத்து எபிசோட்டுக்குள்ளை காரணம் வரும். எனக்கு அது நல்லாப் பிடிச்சுது. பேஜ் துவங்கினதும் அதாலைதான். எல்லாருக்கும் காரணம் சொல்லுறதிலை நான் கெட்டிக்காரி எண்டு பேர் வந்திட்டுது.

அதாலை ஆராவது பேசாமல் இருந்தால், அந்த இடத்திலை நான் ஒரு கதையை வைச்சிடுவன். கெட்ட கதை எண்டாலும் பரவாயில்லை. வெறும் இடமா விடப் பயம்.

இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை. வாழைத்தோட்டத்துக்குக்கூடச் சொன்னதில்லை.

நீங்கள் இனி வேண்டாம் எண்டு நினைச்சால், அதை எழுதி அனுப்புங்கோ. ஒரு வரி காணும். ஆனால் எழுதுங்கோ.

நிவேதனா


குருநகர்,
08.07.2025

நிவேதனாவுக்கு,

வேண்டாம் என்று எழுதத் தாள் எடுக்கவில்லை.

அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன், நீர் ஆர் என்று. வெறும் பேஜ் இல்லை என்று. “சைவப் பிள்ளையோ?” என்று கேட்டா. ஓம் என்றேன். “வாய் காட்டுமோ?” என்று கேட்டா. ஓம் என்றேன். “அப்ப இந்த வீட்டிலை ஒராளாவது கதைக்கட்டும்” என்றுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டா. அது சம்மதமோ பகிடியோ எனக்குத் தெரியாது. நீரும் அதற்குக் கதை கட்ட வேண்டாம்.

நான் மாறிவிடுவேன் என்று சொல்லமாட்டேன். எனக்குக் கதை மெதுவாகத்தான் வரும். ஆனால் பேசாமல் இருக்கப் போகிறேன் என்றால் அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். “களைப்பு, நாளைக்குக் கதைப்பம்” என்று சொல்ல எனக்கு ஏலும்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நீர்வேலிச் சந்தி பஸ் தரிப்பிடத்துக்கு வருகிறேன். ஒளித்துப் பண்ணைப் பக்கம் போக வேண்டாம். ஊர் பார்க்கும், தெரியும். உம்முடைய அப்பா கண்டால் கதைப்பம். பார்த்தவர்கள் என்ன சொன்னாலும், நான் அங்கே வந்தது உண்மையாக இருக்கும்.

ஜெயசுதன்


நீர்வேலிச் சந்தி,
12.07.2025

ஜெயசுதன்,

இந்தக் கடிதம் தபாலுக்கில்லை, கையிலை தர. பஸ் தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டிலை இருந்து எழுதுறன். எழுதாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்.

நாலு மணி தாண்டியிட்டுது. உங்களைக் காணேல்லை. அப்பா வாழைக்குலை ஏத்தின லாண்ட்மாஸ்டர் ட்ரக்ரரோடை இப்பதான் முன்னாலை போனார். “ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” எண்டார். “ஒராள் வாறார் அப்பா, உங்களுக்கும் காட்டோணும்” எண்டன். முறைச்சார். போகேல்லை. அங்காலை வேலியோரம் நிப்பாட்டிப்போட்டு, கயிறு இறுக்கிற மாதிரி நிக்கிறார். கயிறெல்லாம் முதலே இறுக்கித்தான் கிடக்கு.

இன்னும் காணேல்லை. என்னோடை வேலை செய்யிற தாரிகா கடையிலை இருந்து எட்டி எட்டிப் பாத்துச் சிரிக்கிறாள்.

ஏன் காணேல்லை? அம்மா மறிச்சிட்டா எண்டு எழுத வருது. வெட்டிப்போட்டன். வழியிலை அக்சிடென்ட் எண்டு வருது. அதையும் வெட்டிப்போட்டன். மனம் மாறிப்போட்டுது எண்டு பாதி எழுதியிட்டன். வெட்டியிருக்கிறன், வாசிக்காதையுங்கோ.

ஏன் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாது. ஆனால் எழும்பிப் போகேல்லை. இருக்கிறன்.

சந்தியிலை ஒரு மோட்டச்சைக்கிள் திரும்புது. கறுப்பு ஹெல்மெட். மெதுவா வருது. நிப்பாட்டுது. அப்பா கயிறை விட்டிட்டு நிமிந்திட்டார். ஆள் ஸ்ராண்டைத் தட்டிப்போட்டு, இறங்காமல் அப்பிடியே இருக்கு. நீங்களோ, தபால்காரரோ, குலை வாங்க வந்த ஆரோ.

ஹெல்மெட்டைக் கழட்டட்டும்.